ஏழு பூட்டு போட்ட வீடு

மார்ச் 3

அன்புள்ள கணவருக்கு,

அன்புள்ள என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

நானும் குட்டியும் நலம். உங்கள் நலத்தை அங்கே மறுவாழ்வு மையத்தில் டாக்டரும் நர்சும் ஆலோசகர் அம்மாவும் மாறி மாறி விசாரிப்பார்கள் என்பதால் நான் விசாரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் கொகெய்ன் கல்லுமாக, "யாரோ வர்றாங்க, யாரோ வர்றாங்க" என்று நீங்கள் வீடு முழுக்கப் பூட்டு மாட்டினீர்களே, எண்ணிப் பார்த்தேன். ஏழு. வாசல் கதவில் நான்கு, சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, பால்கனி இரும்பு அலமாரியில் ஒன்று. ஒரே வளையத்தில் முப்பத்திரண்டு சாவி. எதிலும் ஒரு அடையாளம் கிடையாது. ஊருக்கெல்லாம் பூட்டு போடுகிறவர் வீட்டு லட்சணம் இது.

குளியலறைப் பூட்டை வெளிப்பக்கம் மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே குளிக்கிறவரை யார் வேண்டுமானாலும் பூட்டி வைக்கலாம். குட்டிக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. நேற்று என் தம்பி இருபது நிமிடம் உள்ளே நின்று, அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டு வெளியே வந்தான்.

பன்னிரண்டு வாரம் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்றார்கள். எனக்கு அது நல்லதாகவே பட்டது. போனில் நீங்கள் பேசினால் நான் சிரித்துவிடுவேன். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் இந்த வீட்டுக் கதவை உங்களுக்குத் திறப்பதா வேண்டாமா என்று உங்கள் கடிதங்களைப் படித்துத்தான் முடிவு செய்வேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண் பரிசோதிக்கிறவள் நான். எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர் யார், குருட்டாம்போக்கில் அடித்துவிடுகிறவர் யார் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா


மார்ச் 10

என் அன்பு மனைவிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பக்கத்துக் கட்டில் வக்கீல் ஒரு முறை படித்தார். நான் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். "இந்த அம்மா கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கு, நீங்க சமாதானமாப் போயிடுங்க" என்கிறார். இங்கே காலையில் ஆறு மணிக்கு எழுப்புகிறார்கள், வக்கீல் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கிறார். சூப்பில் உப்பில்லை என்றாலும் ஆட்சேபம். மனிதர் குடித்துக் கெட்டவர் போலவே தெரியவில்லை, ஆட்சேபித்தே கெட்டவர் போல இருக்கிறார்.

சாவி விவரம் கேள். வட்டத் தலைச் சாவிகளில் விளிம்பு தேய்ந்தது வாசலின் மேல் பூட்டுக்கு. சதுரத் தலை இரண்டும் நடுவில் இருப்பவற்றுக்கு. நீளமானது கீழே. சமையலறைக்குச் சின்னப் பித்தளைச் சாவி. குளியலறைக்குச் சாவியே தேவையில்லை, ஹேர்பின் போதும். இதைக் குட்டியிடம் சொல்லாதே.

பால்கனி அலமாரிக்கு அவசரம் ஒன்றும் இல்லையே. தொழில் சாமான்தான்.

என்னைக் கெடுத்தது குடிதான், ஒப்புக்கொள்கிறேன். கல் சும்மா துணைக்கு. குடித்தால் தள்ளாடினேன், தள்ளாட்டம் தெரியாமல் நிமிர்ந்து நிற்கத்தான் அதைப் புகைத்தேன். பயம் வந்தால் பயம் போகக் குடித்தேன். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போய்விடும் என்பது என் கணக்கு.

குட்டிக்கு முத்தம். நீ ஒத்துக்கொண்டால் உனக்கும்.

உன் பூட்டுக்காரன்


மார்ச் 18

கணவருக்கு,

சாவிகள் பொருந்தின. சமையலறைச் சாவி மட்டும் பாதியில் மாட்டிக்கொண்டது. கோபத்தில் ஒரு உதை விட்டேன், திறந்தது. இதுவும் ஒரு தொழில்நுட்பம்தான், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"சும்மா துணைக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மதியம் நடந்தது உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியவில்லை, நான் சொல்கிறேன். நானும் குட்டியும் கடைக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் நான்கு பூட்டு. உள்ளே நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுது" என்கிறீர்கள். கதவைத் திறங்கள் என்றால், "எந்தச் சாவின்னு தெரியலையே" என்று அழுகிறீர்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இந்த ஏரியால நல்ல பூட்டுக்காரர் யாராவது இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். இருக்கிறார், உள்ளே இருக்கிறார் என்றேன்.

கடைசியில் தீயணைப்புக்காரர்கள் ஏணி போட்டுப் பால்கனி வழியாக வந்தார்கள். தலைக்கவசத்தோடு உள்ளே குதித்தவரிடம், "முன்கூட்டியே சொல்லிட்டு வந்தீங்களா?" என்று விசாரித்திருக்கிறீர்கள். மாடி வீட்டுக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் இருபத்தாறு நிமிடம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவள் நான். உங்கள் சத்தம் நடுவில் நின்றுபோயிற்று. குட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் மன்னிக்கவில்லை, எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது.

அலமாரிச் சாவி எது?

குட்டியின் அம்மா


ஏப்ரல் 6

அன்பு மனைவிக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நான்காவதைக் கிழித்தபோது வக்கீல் காகிதச் செலவுக்கு ஆட்சேபம் தெரிவித்தார்.

என் கணக்கை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒன்றை ஒன்று அடிப்பதில்லையாம். சாராயமும் கொகெய்னும் உடம்பில் சந்தித்தால் ஈரல் அந்த இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு விஷம் செய்கிறதாம். அது முதல் இரண்டையும்விட அதிக நேரம் தங்கி, இதயத்தைத்தான் போட்டு அடிக்குமாம். "நீங்க ரெண்டு பேரைத்தான் உள்ள விட்டதா நினைச்சீங்க, உள்ள மூணாவது ஆள் இருந்தான்" என்றார். யாரும் ஆர்டர் கொடுக்காமல் என் ஈரல் இத்தனை காலம் தனியாகத் தொழில் நடத்தியிருக்கிறது. யாரோ வருகிறார்கள் என்று வாசலுக்கு நான்கு பூட்டு போட்டேன், வந்தவன் ஏற்கெனவே என் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே திருத்தி எழுதுகிறேன். குடியும்தான், கல்லும்தான். மூன்று வருடமாக இரண்டும் சேர்த்துத்தான். உன்னிடம் குடியை மட்டும் ஒப்புக்கொண்டது, சின்னத் தப்புக்குத் திட்டு வாங்கிப் பெரிய தப்பை மறைக்கத்தான்.

குட்டி உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அலமாரிச் சாவி எது என்று நினைவில்லை.

உன்னுடையவன்


ஏப்ரல் 14

கணவருக்கு,

கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி பார்த்துப் படித்திருக்கிறீர்கள். கடைசி வரி குருட்டாம்போக்கு.

குட்டிக்கு முன்பல் விழுந்தது. அப்பாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். வேண்டாம், அங்கே பல் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், குழப்பமாகிவிடும் என்றேன்.

இனி எதையும் கேட்பதாக இல்லை.

குட்டியின் அம்மா


மே 8

அன்பு மனைவிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் எனக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டார்.

வக்கீல் போன மாதம் காலம் முடிந்து மாலையும் கைதட்டலுமாக வெளியே போனார். ஒன்பதாம் நாள் அதே கட்டிலில் வந்து படுத்திருக்கிறார். இப்போது எதற்கும் ஆட்சேபம் இல்லை, உப்பில்லாத சூப்பைப் பேசாமல் குடிக்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சட்டப் புத்தகத்துக்குப் பின்னால ஒரு பாட்டில் வச்சிருந்தேன். வீட்டுக்குப் போய் என் கையாலேயே தூக்கிப் போடணும்னு நெனச்சேன்" என்றார். தூக்கிப் போட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

இப்போது என்னுடையதைச் சொல்கிறேன். அலமாரியில் இரண்டாவது தட்டு, பழைய பெரிய பித்தளைப் பூட்டு. அதன் உள்பாகங்களை எடுத்துவிட்டேன். உள்ளே நான்கு கல் இருக்கிறது. அதற்குப் பின்னால் பழந்துணியில் சுற்றி அரை பாட்டில். பன்னிரண்டு வாரத்தையும் அதை நினைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். உன்னையும் குட்டியையும் நினைத்து ஓட்டியதாக எழுதலாம், எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை.

சாவி என்னிடமே இருந்தது. பெல்ட், போன், ஷூ கயிறு எல்லாம் வாங்கிக்கொண்டார்கள், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஆலோசகர் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இதைப் படித்து நீ கதவைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தால் அது நியாயம். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பூட்டுக்காரன்


மே 15

அன்புள்ள கணவருக்கு,

இந்த முறை தெரிந்தேதான் எழுதினேன்.

சாவி வந்தது. அதற்கு வேலையில்லை. அலமாரியை நான் ஏப்ரல் பத்தாம் தேதியே திறந்துவிட்டேன். ஐந்நூறு வீட்டுச் சாவியின் பல்லை மனப்பாடமாகச் சொல்கிறவர் ஒரு சாவியை மட்டும் நினைவில்லை என்றால் எனக்குப் புரியாதா? தெருமுனைப் பூட்டுக் கடைக்காரரை அழைத்தேன். ஆமாம், நீங்கள் தகரப்பூட்டு என்று கேலி செய்வீர்களே, அவரேதான். நான்கே நிமிடத்தில் திறந்தார். உங்களுக்கு இது வலிக்கும் என்று தெரியும், அதனால்தான் நிமிடத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் குளியலறைக்குள் இருக்கும் கழிப்பிடத்தில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் குட்டி வெளியே பூட்டிவிட்டாள். காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அழுதேன். அவள் கதவுக்கு வெளியிலிருந்து, "அம்மா, ஐஸ்கிரீம் வேணாம்மா, சும்மாவே திறந்துடறேன்" என்றாள்.

அதன் பிறகு நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்தேன். பன்னிரண்டு வாரம் முடியும்வரை பார்த்திருப்பேன். சொல்லாமல் வந்திருந்தால் உங்கள் பெட்டி படுக்கையை வாசலில் வைத்திருப்பேன், சத்தியமாக.

26-ஆம் தேதி வாருங்கள். வாசலில் இப்போது ஒரே பூட்டுதான், முனைக் கடையில் வாங்கியது. உங்களுக்குச் சாவி கிடையாது. எப்போது தருவேன் என்று கேட்காதீர்கள். அன்று எனக்குக் கடை உண்டு, ஆறு மணிக்குத்தான் வருவேன். அந்தப் பூட்டை உங்களால் ஊதியே திறக்க முடியும் என்று எனக்குத் தெரியும். திறக்காமல் உட்கார்ந்திருங்கள்.

உங்கள் மனைவி


மே 26, மாலை நான்கே முக்கால்
(கதவுக்கு அடியில் செருகியது)

அன்பு மனைவிக்கு,

மூன்றரை மணிக்கே வந்துவிட்டேன். மணியை இரண்டு முறை அடித்தேன், நீ இல்லை என்று தெரிந்தும் அடித்தேன். இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பூட்டைப் பார்த்தேன். பார்க்கத்தான் செய்தேன், தொடவில்லை. இதைப் பூட்டு என்று சொல்லி உன்னிடம் விற்றிருக்கிறான். ஆறு மணிக்கு மேல் இதைப் பற்றிப் பேச வேண்டும்.

மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்ன சார், சாவி தொலைஞ்சுபோச்சா? உங்களுக்கேவா?" என்று கேட்டார். "இல்ல சார், எனக்குக் குடுக்கல" என்றேன். மேலே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

நான்கு மணிக்குக் குட்டி கோடை வகுப்பிலிருந்து வந்தாள். உயரமாகிவிட்டாள். முன்பல் முளைத்துப் பாதி வந்திருக்கிறது. கழுத்துக் கயிற்றில் சாவி வைத்திருக்கிறாள். "உங்களை உள்ள விடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கப்பா" என்றாள். ஆமாம், நீ உள்ளே போய் ஏதாவது சாப்பிடு, நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். எத்தனை சொல்லியும் போகவில்லை.

சீக்கிரம் வா. பிள்ளைக்குப் பசிக்கிறது.