உன் பேர் போட்ட எக்ஸ்ரே

என் அருமை நைனாவுக்கு,

இருக்கிற இடத்தில் இருமல் இல்லாமல் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். தம்பி வினோத் உன் ஸ்டீல் மில்லிலேயே, நீ நின்ற அதே பர்னஸ் பக்கத்தில் வேலைக்குப் போகிறான். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கும்மிடிப்பூண்டியில் வேறு எந்த கேட்டும் அவனுக்குத் திறக்கவில்லை.

உன்னைப் போலவே அவனும் ஷிப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்கிறான். நெஞ்சுத் தூசி அதோடு இறங்கிவிடுமாம். இதை உங்களுக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நல்ல மாஸ்க் வாங்கித் தராதவர்களுக்கு இந்த வெல்லம் ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

அந்த எக்ஸ்ரே விஷயம் நீ போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். உன் கூட்டாளி ஏசுபாதம் மாமா அழுதுகொண்டே சொன்னார். மில்லுக்கு வரும் எக்ஸ்ரே வண்டியில் உன் பேரைச் சொல்லிக்கொண்டு அவர்தான் போய் நின்றாராம். படத்தில் ஏதாவது தெரிந்தால் காண்ட்ராக்ட் ஆளுக்கு அதோடு கேட் பாஸ் கிடையாது. அதனால் இருமுகிறவனுக்காக நல்ல நெஞ்சுக்காரன் போய் நிற்பது உங்களுக்குள் வழக்கம். டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டது போல நெஞ்சையும் பகிர்ந்துகொண்டீர்கள்.

இருமல் முற்றி நீ கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் பார்த்தது அந்தப் படத்தைத்தான். நெஞ்சு சுத்தமாக இருக்கிறதே என்று சாதாரண சளிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகப் படம் எடுத்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. அது என் படம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் மாமாவின் வேலையும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், நைனா.

போன மாதம் மாமா வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வினோத்து, வண்டி வருதாம்பா. எனக்கு கொஞ்ச நாளா இருமலு. என் பேருக்கு ஒரு தபா நீ நின்னுட்றியா? உங்க நைனாவுக்கு நான் நிக்கலயா?"

வினோத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் வெளியே வந்தாள்.

"அவரு வாய மூடிக்கினே போய்ச் சேந்துட்டாரு. நீயும் அதையே பண்ணப் போறியாண்ணே?"

"வேல பூட்ச்சின்னா ஊட்ல இன்னா பண்றது, தங்கச்சி?"

மறுநாள் என் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மாமாவை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவர் பேரில், அவர் நெஞ்சையே படம் எடுத்தார்கள். நிழல் தெரிந்தது. பழைய படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். மாமாவுடையது மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதே வீணாகிவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா உன் போட்டோவுக்குப் பின்னாலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். உன் நெஞ்சு இல்லை என்று தெரிந்தும், உன் பேர் இருப்பதால் அவளுக்கு அதை எறிய மனம் வரவில்லை. முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது அண்ணனோட நெஞ்சுதானே. எடுத்துக்கினு போய் குடு."

டாக்டரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பழையதில் நிழலே இல்லை, அதனால் இது ஆரம்பம்தான் என்றார். வந்தது போகாது, ஆனால் தூசியை விட்டு விலகினால் மேலே ஏறாமல் பார்க்கலாம் என்றார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பேரைச் சொல்லி அழுதார்.

இப்போது அவர் மீஞ்சூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேன். வீட்டில் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படி ஏறுகிறார், மூச்சு வாங்காமல் பேசுகிறார். உன்னால் முடியாமல் போனது அது.

அடுத்த முறை எக்ஸ்ரே வண்டி வரும்போது நான் லீவு போட்டுவிட்டுப் போய் கேட்டில் நிற்பேன். வினோத் தன் பேரைச் சொல்லித் தன் நெஞ்சைக் காட்டுவான். அதில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். அதற்குப் பிறகு எப்படிச் சாப்பிடுவோம் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. ஆனால் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு போட்டோ மாட்ட விடமாட்டேன், நைனா.

உன் மூத்த மகள்,
வினோத்தின் அக்கா,
அமுதா