மூலைத் தறியின் நொண்டல்

அக்கா,

உன் ஹெட்போனை மாட்டினால் இன்னும் தறி எண்ணெய் வாசம் வருகிறது. போர்வைக்குள் டார்ச்சை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது.

காலையில் மாமா வருகிறார். உன் லேப்டாப்பைத் தன் மகனுக்கு எடுத்துப் போகப் போகிறார். "அந்தக் கருமத்தையெல்லாம் அழிச்சுப்போட்டுப் பையனுக்குக் குடுங்க மச்சான்" என்று அப்பா போனில் சொன்னார். பெங்களூரில் ஒரு கச்சேரியில் வாசித்துவிட்டு வரும் வழியில் கார் கவிழ்ந்து நீ போனதிலிருந்து அவருக்கு உன் இசைதான் எதிரி.

ஆனால் அந்த இசைக்குள் அவரே இருக்கிறார். அது அவருக்குத் தெரியாது.

நம் கருமத்தம்பட்டித் தறிக்குடோனில், அடி பிந்திப் பிந்தி விழும் மூலைத் தறிக்குப் பக்கத்தில் நீ போனை நீட்டிக்கொண்டு நின்றாயே, அன்றைக்கு நானும் இருந்தேன். "ஏனம்மணி, தறிச் சத்தத்தப் புடிச்சு என்ன பண்ணப் போற, கொழம்பு வெக்கவா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லீங்கப்பா, ஆட வெக்கறதுக்கு."

"இந்த நொண்டித் தறிக்கா? ஆடுனா இடுப்புப் புடிச்சுக்குமாக்கும்!" என்று அவரே வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது.

டவுனில் கணபதிப் பக்கம் உன் வாடகை அறையில் அதை ஹவுஸ் என்கிற ஆட்டப் பாட்டாக்கினாய். அடியில் பம் பம் என்று ஒரே சீராக நடக்கும் தாளம், மேலே தறி, நடுவில் அப்பாவின் சிரிப்பு. உன்னோடு வாசிக்கும் பையன் காதைப் பொத்தினான். "தறி அடி தாளத்துக்கு லேட்டா விழுதுங்க, நேராக்குங்க. சிரிப்ப வெட்டிப்போடுங்க" என்றான். நீ மறுத்தாய். என் பக்கம் திரும்பி, "கம்ப்யூட்டர் அடி சுத்தமா இருக்கும் கண்ணு, சூடு இருக்காது. இது நொண்டிக்கிட்டே நடக்கட்டும்" என்றாய். உன் பாட்டைக் கேட்டால் வெயிலில் காய்ந்த துணியை மேலே போர்த்தியது போல இருக்கும்.

அந்தப் பாட்டு பாதியில் நிற்கிறது. பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளடி என்கிறாள் என் தோழி. பாதிப் பாட்டு ஏறிவிடும். மீதியைச் செய்ய நீ அடுக்கி வைத்த சத்தங்களும் அவற்றைக் கோக்கும் சாப்ட்வேரும் இந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. மீதியை நான் செய்யப் போகிறேன். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். கற்றுக்கொள்கிறேன்.

நீ போனபின் அப்பா சிரித்து நான் பார்க்கவில்லை. அவர் அழிக்கச் சொல்வது தன் சிரிப்பையும் சேர்த்துத்தான். அவர் கோபம் உனக்குத் தெரியும். அடி விழலாம். மாமா முன்னால் விழுந்தால் இன்னும் அவமானம். விழட்டும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்காருவேன். மாமா கை நீட்டினால் சத்தத்தை முழுதாக ஏற்றி அந்தப் பாட்டைப் போடுவேன். அப்பா கேட்கட்டும். பிறகு, "தர மாட்டேனுங்க" என்பேன்.

சொல்லும்போது என் குரல் நடுங்கும், அக்கா. அதை நான் நேராக்கப் போவதில்லை.