விழுங்கிய பேச்சு

மே 7

இன்றும் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாதாந்திரச் சமாதான விருந்து. மேசைக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் பேசும் இந்த அமெரிக்க ஊர்க்காரர்கள். எதிர்ப்பக்கம், பண்ணைகளில் பால் கறக்க மெக்சிகோவின் வெராக்ரூஸிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். நடுவில், இரண்டு மொழியும் தெரிந்த பாவி நான்.

ஆர்வில் கிழவர் மேசையைத் தட்டினார். "ஞாயித்துக்கிழமையானா பூங்காவுல கால் வைக்க முடியல. அவங்க அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி!"

நான் ஸ்பானிஷில் சொன்னது: "பூங்காவுல கூட்டம் ஜாஸ்தின்னு ஐயா வருத்தப்படறார்."

எர்மெலிண்டா அக்கா சிரித்தாள். "அந்தக் காஞ்ச சோளக்கதிருக்கு வேற வேலை இல்லையா?"

நான் ஆங்கிலத்தில் சொன்னது: "இனிமே பாத்து நடந்துக்கறோம்னு சொல்றாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். பாதிரியாருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

மே 8

சண்டை வராமல் பார்த்துக்கொள்வது தப்பா?

மே 26

பூங்காவை மாலை ஆறுக்கே பூட்ட ஊர் மன்றத்தில் தீர்மானம் வருகிறதாம். எங்கள் ஆட்கள் கறவை முடித்து வருவதே ஆறரைக்கு. கொண்டுவருகிறவர் ஆர்வில். 'பாத்து நடந்துக்கறோம்னு வாக்குக் கொடுத்தாங்க, காப்பாத்தலை' என்கிறாராம்.

ஐயோ. வாக்குக் கொடுத்தது நானல்லவா? அப்படி ஒரு வாக்கு இருப்பதே எங்கள் ஆட்களுக்குத் தெரியாதே.

ஜூன் 4

இந்த மாத விருந்து.

ஆர்வில் எழுந்து நின்றார். "போன செப்டம்பர்ல பூங்காவுலேந்து இவங்க அடிச்ச பந்து என் ஜன்னலை உடைச்சுது. கண்ணாடித் தூள் அத்தனையும் என் பெண்டாட்டி லவோன் படுக்கை மேல. அவ சாகக் கிடந்தா. ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து மன்னிப்புக் கேட்டானா? இவங்களுக்கு மாட்டுக்கு இருக்கற நன்றிகூட இல்லை!"

நான்: "பந்து விஷயத்துல கவனமா இருக்கச் சொல்றார்."

எர்மெலிண்டா அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அடியே நெரெய்டா, அந்தாளு மூஞ்சி செவக்கச் செவக்க இவ்ளோ நேரம் பேசறான். நீ நாலு வார்த்தையில முடிக்கறே. மீதியை முழுங்கிட்டியா?"

"என்னவாம்?" என்றார் ஆர்வில். "மறுபடியும் பாத்து நடந்துக்கறோம்கறாளாக்கும்?"

எனக்கு என்ன வந்ததோ, சொல்லிட்டேன். எல்லாத்தையும். லவோன், கண்ணாடி, மாடு, ஒண்ணு விடலை. அந்தப் பக்கம் திரும்பி, போன மாசத்துச் சோளக்கதிரையும் சொல்லிட்டேன்.

ஒரே கூச்சல். நாற்காலி விழுந்தது. அக்கா அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள்.

"ஒருத்தனும் வரலையா? என் தம்பி ஃபிதென்சியோ ரெண்டு தடவை வந்தான்! கண்ணாடிக்கு அளவெடுக்க டேப்பும் கையுமா உன் வாசல்ல நின்னான். மூஞ்சியில கதவைச் சாத்தினது யாரு?"

அதையும் அப்படியே சொன்னேன். ஆர்வில் குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார்.

"அந்தப் பையனா?" என்றார் கடைசியில். "ஏதோ வேலை கேட்டு வந்திருக்கான்னு நெனச்சேன். அவ உள்ள வலியில கத்திக்கிட்டிருந்தா..."

சாப்பிடாமலே படியேறிப் போய்விட்டார்.

ஜூன் 5

பாதிரியார் போனில், "இனிமே கொஞ்ச நாள் நீ வர வேண்டாம்மா" என்றார்.

அக்காவைக் கடையில் பார்த்தேன். "இத்தனை மாசமா என் வாயில உன் பேச்சை வச்சிருக்கியே. நான் என்ன சின்னக் குழந்தையா?" பதில் சொல்ல விடாமல் போய்விட்டாள்.



ஜூன் 9

நான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் சூப்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன். பிள்ளைகள் துப்பினார்கள். மில்வாக்கி நகரத்துக்கே போய்விட்டால் என்ன? அங்கே யார் யாரைத் திட்டினால் எனக்கென்ன?

போக மாட்டேன். தெரியும். ஆனாலும் பஸ் நேரம் பார்த்தேன்.

ஜூன் 17

ஊர் மன்றம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆர்வில் எழுந்தார்.

"ஆறு வேண்டாம். ஒன்பதுன்னு மாத்துங்க."

தலைவர் ஏன் என்றார்.

"நாப்பது வருஷம் கறந்தவன் நான். கறவை எப்போ முடியும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒன்பதுக்கு மேல சத்தம் கேட்டா நானே வந்து வெரட்டுவேன்."

எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. எர்மெலிண்டா அக்கா.

"என்ன சொன்னான்? முழுசா சொல்லு."

முழுசா சொன்னேன். வெரட்டுவேன் உட்பட.

"வரட்டும், பாப்போம்" என்றாள். என் முழங்கையை ஒரு இடி இடித்தாள்.

ஜூலை 2

விருந்துக்குப் போவதா வேண்டாமா என்று பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனேன். படியில் இறங்கும்போதே கத்தல். போச்சு, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஓடினேன்.

ஆர்வில், மாடு தன்னை உதைத்த கதைக்கு, ஒரு காலைப் பின்னால் தூக்கி உதைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஃபிதென்சியோ கால்சட்டையைச் சுருட்டி, முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டி, அதைவிடப் பெரிய உதை என்று ஸ்பானிஷில் கத்தினான். எதிராளிக்குக் காது கேட்காது என்பதுபோல இருவருக்கும் அப்படி ஒரு சத்தம். நான் நடுவில் போய் நின்றேன்.

ஆர்வில் கையை வீசினார். "தள்ளிக்கோம்மா, அவனை மறைக்காதே."

அக்கா ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். சோள மடலில் சுற்றி அவித்த எங்கள் ஊர்ப் பலகாரம்; மடல்களைப் பிரித்தேன், ஆவி முகத்தில் அடித்தது. மொழிபெயர்த்து முடிப்பதற்குள் எல்லாம் ஆறிப்போகும் இந்த விருந்தில் நான் சூடாகச் சாப்பிட்டது இன்றைக்குத்தான்.