மெரிரே என்ற பெயர்

வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், நாள் 4

ஆறு இன்னும் வடியவில்லை. அந்தப்புரத்துப் பெண்கள் சிலர் மன்னரைக் கொல்லச் சதி செய்தார்களாம். விசாரணையை எழுத எழுத்தர்களில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நாள் 7

மெரிரேயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் மனைவி ஹெனுத்தின் தம்பி. அந்தப்புரத்துக்குப் பீர் சுமந்து போகிறவன். சதியில் அவனுக்குப் பங்கில்லை. பேச்சு காதில் விழுந்தது, வெளியே சொல்லவில்லை. அதுதான் குற்றம். ஹெனுத் அழவில்லை. அடுப்பு முன்னால் உட்கார்ந்து ரொட்டி கருகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாள் 8

அவன் என் மைத்துனன் என்று விசாரணைச் சபையில் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. தெரிந்தால்?

நாள் 11

மெரிரேயை உள்ளங்காலில் தடியால் அடித்தார்கள். நான் எட்டித் தொடும் தூரத்தில், மடியில் சுருளை விரித்து எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான். ‘அத்தான்’ என்று கூப்பிட்டுவிடுவானோ என்று உயிரே போயிற்று. கூப்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் என்னைக் காப்பாற்றினான். நான் அவன் அலறலை எழுதினேன்.

நாள் 15

தலைமை எழுத்தர் நெப்செனி கூப்பிட்டார். பேரீச்சம்பழம் கொடுத்தார்.

“குற்றவாளிங்க பேரை அப்படியே எழுதாதே. மெரிரேன்னா சூரியதேவன் ரேக்குப் பிரியமானவன். அந்த மரியாதை அவனுக்கு எதுக்கு? மெஸெத்ரேன்னு போடு. ரேக்கு ஆகாதவன்.”

தலையாட்டினேன். பெயர் போனால் செத்தவன் இன்னொரு தடவை சாகிறான். மறு உலகில், தேவர்கள் முன்னால், அவனை என்னவென்று அழைப்பார்கள்?

கிளம்பும்போது, என் மனைவிக்கு எந்த ஊர் என்று கேட்டார். சும்மாதான் கேட்டாரா?

நாள் 16

எழுதிவிட்டேன். கெட்டவற்றுக்கு உரிய சிவப்பு மையில். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நாள் 17

“தம்பி பேரை என்னன்னு எழுதுனீங்க?” என்று ஹெனுத் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தாள்.

நாள் 19

நாளை தீர்ப்பு. அதை உரக்க வாசிக்க வேண்டியவன் நான். அவன் எதிரே நிற்பான். அவன் கடைசியா கேக்குற பேரு அதுவா இருக்கணுமா? என் வாயாலயா? ஐயோ, நான் என்ன பண்ணுவேன்.

நாள் 20

ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அவன் இடம் வந்தது. கண் மெஸெத்ரேயைப் பார்த்தது. வாய் மெரிரே என்றது.

துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அவன் தலை நிமிர்ந்தான்.

“என்ன வாசிச்சே?” என்றார் நீதிபதிகளில் ஒருவர்.

“கண்ணு மங்கிடுச்சுங்க, ஐயா.”

மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மெஸெத்ரே. ஆமாம், அதையும் வாசித்தேன்.

அவனை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தன் முடிவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்குத் தீர்ப்பு. மாலையில் கதவைத் திறந்தார்கள்.

நாள் 21

யாரும் வரவில்லை. வாசலில் கழுதை நின்றால்கூட எழுந்து பார்க்கிறேன்.

நாள் 24

நெப்செனியே வந்தார். முடிந்தது என்று நினைத்தேன். ஹெனுத் கதவோரம் வந்து நின்றாள்.

“உனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு சபையில நானே சொல்லிட்டேன். கண்ணு தெரியாதவன் இங்க இருக்க முடியாது. தெற்கே யானைத்தீவுல தானியக் களஞ்சியத்துக்கு ஆள் வேணுமாம். நாளைக்கே படகேறு.”

அவர் காலில் விழப்போனேன். தடுத்துவிட்டார்.

“உன் பெண்டாட்டி யாரோட அக்கான்னு எனக்கு முதல்லயே தெரியும். போய்ச் சேரு.”

விதைப்புப் பருவம், முதல் மாதம், நாள் 9

யானைத்தீவு. இங்கே கண் மங்கியவன்போலவே தட்டுத் தடுமாறி நடக்கிறேன்; எழுத்தை முகத்தருகே பிடித்துக்கொள்கிறேன். வடக்கிலிருந்து படகு வந்தால் இன்னும் களஞ்சியத்துக்குள் போய்விடுகிறேன்.

இன்று ஹெனுத் ஆற்றங்கரையில் ரொட்டியும் பீரும் வைத்தாள். தம்பி பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். நான் தள்ளி நின்றேன்.

“நீங்களும் சொல்லுங்க,” என்றாள். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சுற்றிலும் பார்த்தேன். படகுக்காரர்கள் பாய் தைத்துக்கொண்டிருந்தார்கள். மெல்லச் சொன்னேன்.

“கேக்கல.”

மறுபடி சொன்னேன். படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.