வலது கால் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் மாத்திரையோடு சேர்ந்த நலம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். முப்பது வயதானவளை இன்னும் வாலு என்று எழுதலாமா என்று அம்மா கேட்டாள், வால் அறுந்து விழுந்ததாகத் தகவல் ஒன்றும் வரவில்லையே என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அவ்வளவு நேரம் பேசிவிட்டுக் கடைசியில் "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டதும் நான் ஒன்றும் சொல்லாமல் ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். கோபம் இல்லை. ஏன் பேசவில்லை என்பதை ஃபோனில் விளக்கவும் முடியாது, நீ நடுவில் புகுந்துவிடுவாய், நானும் பேச்சுவாக்கில் புத்திமதியில் இறங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். டிரைவிங் ஸ்கூல் கவுண்டரில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் கோபம் காரணமில்லை, இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை.

நான் மயங்கி விழுந்த கதையை நீ அம்மா வாயால் கேட்டிருக்கிறாய், அதில் அழுகை அதிகம், விவரம் குறைவு. விவரம் இதுதான். அன்று கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், நான் வழக்கம்போல் பக்கத்து இருக்கையில். நான் மனசுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் நத்தை. லைசென்ஸ் பரீட்சையில் ஒன்றுக்கு இரண்டு தடவை தோற்றவர், அடுத்தவர் வாய்க்குள் மெஷினை விட்டுக் குடையும்போது நடுங்காத கை கியரைத் தொட்டால் நடுங்கும். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதன்மேல் பொம்மையை உட்கார வைத்து விளையாடியவள்தானே. மார்க்கெட் வளைவைத் தாண்டும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அப்புறம் எதுவும் தெரியவில்லை. விழித்துப் பார்த்தால் வண்டி ரோட்டோரமாக, கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது, இண்டிகேட்டர் மின்னுகிறது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, அந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர், அது இறங்கி அவர் கையெழுத்துப் போடும்வரை நான் பயிற்சி வண்டியில் ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி நல்ல மனுஷன், வீட்டில் இரு என்று சொல்லாமல் விண்ணப்பம் நிரப்பவும், புதிதாக வருகிறவர்களுக்குச் சாலைக் குறிகள் சொல்லிக்கொடுக்கவும் ஆபீஸில் உட்கார வைத்தார்.

டாக்டர் சொன்னது மாத்திரை, நடை, உப்பைக் குறைப்பது. நீ அதோடு நிறுத்தவில்லை, மனசுக்கு வேறு, ஆத்மாவுக்கு வேறு என்று தினசரிப் பழக்கங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாய். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன், பொய் இல்லை, அம்மா சாட்சி. உப்பு குறைந்ததில் அவளுக்கு ஒரு வசதி, சமையலில் எது தப்பினாலும் பழி டாக்டர் மேல் போய்விடுகிறது. நடை பரவாயில்லை. முதலில் மெயின் ரோட்டோரமாகத்தான் நடந்தோம், இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிற ஒவ்வொருவனையும் நான் நின்று முறைத்ததில் பிரஷர் ஏறியதுதான் மிச்சம். அம்மா என்னைப் பூங்காவுக்குள் இழுத்துக்கொண்டு போனாள், அங்கே வண்டி கிடையாது, ஆனால் மனிதர்களும் அப்படித்தான் திரும்புகிறார்கள். ஒரு பெரியவரிடம் "பின்னாடி பாத்துத் திரும்புங்க" என்று சொன்னேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், இப்போது என்னைக் கண்டாலே எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார். ஆத்மாவுக்கு என்று நீ சொன்னது கண்ணை மூடிச் சும்மா உட்காருவது. அம்மா அவள் பாட்டுக்குப் பிரார்த்தனையில் உட்கார்ந்துவிடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிடுவேன், இரண்டு பேருக்கும் நிம்மதி. சாப்பிட்டு எழுந்ததும் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டியதை நினைத்துப் பார்க்கச் சொன்னாய். நான் வெகுநேரம் யோசித்து, முதலாளி என்னை நிறுத்தவில்லை என்றேன். அம்மா யோசிக்கவே இல்லை, குழாயில தண்ணி நிக்காம வந்துச்சு, கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வரல, நீங்க கண்ணு முழிச்சீங்க என்று பாத்திரம் அடுக்கிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். கடைசியாகச் சொன்னதற்கும் அதே குரல்தான். நான் எழுந்து போய் ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தேன்.

உன் விதிகளில் எனக்குக் கஷ்டமானது, தினம் யாராவது ஒருவரிடம் மனசில் இருக்கிற ஒரு உணர்ச்சியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், காரணமும் புத்திமதியும் சேர்க்கக் கூடாது என்பது. "இன்னைக்கு எனக்கு எரிச்சலா இருந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். அத நீங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா என்றாள். சந்தோஷமாக இருந்த ஒரு நாள் அதைச் சொன்னபோது, ஏன், என்ன ஆச்சு என்று பதறிவிட்டாள். இருந்தாலும் விடாமல் சொல்லி வருகிறேன், அவளும் இப்போது பதிலுக்கு ஒன்று சொல்கிறாள், பெரும்பாலும் என் மேல் கோபம் என்பதுதான் அது.

ஆனால் இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீ ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாயே, மல்லாந்து படுத்து, கால் விரலில் தொடங்கி உச்சந்தலைவரை ஒவ்வொன்றாகத் தளர விடுங்கள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போவாரே, வேறு வேலை வெட்டியே இல்லாதவர் மாதிரி, அதில்தான் விஷயம் வெளியே வந்தது. ஒருநாள் சாயங்காலம் ஹாலில் விரித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை தளர்ந்தது, தோள் தளர்ந்தது, இவ்வளவு காலமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. திடீரென்று அம்மா சிரித்தாள். "எல்லாம் படுத்துடுச்சு, வலது காலு மட்டும் இன்னும் வேலையில இருக்கு" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளங்கையை என் பாதத்தின் மேல் வைத்து, தள்ளுறீங்க பாருங்க என்றாள். தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்து என்று காலுக்குச் சொன்னேன், நிறுத்தியது, அடுத்த மூச்சு விடுவதற்குள் மறுபடி தொடங்கிவிட்டது. டாக்டரிடம் சொன்னபோது அவர் இரண்டு கெண்டைக்காலையும் அமுக்கிப் பார்த்தார், வலது கல்லு மாதிரி இருந்தது. வண்டியில் இல்லாத நேரத்திலும் கால் ஓயவில்லை என்றால் உடம்பு எப்போதும் ஆபத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும், பிரஷர் எப்படி இறங்கும் என்றார். அப்புறம் கவனித்துப் பார்த்தால், முடிவெட்டும் நாற்காலியில் இல்லாத பிரேக்கை அமுக்குகிறேன், டிவியில் யாராவது ஓடினால் அமுக்குகிறேன், அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு யாரோடாவது பேசப் போனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அமுக்குகிறேன்.

அதனால் நீ சொல்லாத பழக்கம் ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன். ஸ்கூட்டரை வீட்டில் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் பஸ்ஸில் போவது, அதுவும் டிரைவருக்குப் பின்னால், ரோடு முழுக்கத் தெரிகிற முதல் இருக்கையில், இரண்டு பாதத்தையும் தரையில் வைத்து, எதையும் அமுக்காமல். சொல்வதற்குச் சுலபம். எங்கள் தடத்து டிரைவர் முன்னால் போகிற வண்டியின் முதுகை உரசிக்கொண்டே ஓட்டுகிறவர். முதல் நாள் கூட்டத்தில் பையைக் காலடியில் வைத்திருந்தேன், ஆபீஸ் போய்த் திறந்தால் அம்மா மத்தியானத்துக்கு வைத்த வாழைப்பழம் கூழாகி டப்பாவெல்லாம் அப்பியிருந்தது. சாப்பிடுகிற பொருளை மிதிப்பார்களா என்று அவள் முகம் சுளித்தாள். ஆனால் மறுநாள் காலையில் அவளே நன்றாகக் கனிந்த பழம் ஒன்றைக் கவரில் சுற்றிக் கொடுத்து, "இத காலடியில வச்சுக்குங்க, முழுசா திருப்பிக் கொண்டு வாங்க" என்றாள். டாக்டருக்குப் பிரஷர் மெஷின், எங்கள் வீட்டுக்கு இந்தப் பழம். கூழ், அரைக்கூழ், கன்றியது என்று போய்க்கொண்டிருந்து ஒருநாள் முழுப் பழமாகவே திரும்பி வந்தது, அம்மா அதை மேஜைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிரஷரும் இறங்கியது, டாக்டர் மாத்திரையைப் பாராட்டினார். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அம்மாதான் விடவில்லை, பஸ்ஸு என்ன பெரிய பஸ்ஸு, உங்க பொண்ணு ஃபோன் பண்றப்ப அந்தக் காலப் பாருங்க என்றாள். நான் பார்த்ததில்லை, அவள் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். நீ வேறு ஊருக்குப் போகிறேன் என்றபோதும், தனியாக வீடு எடுத்தபோதும், மலையேறக் கிளம்பியபோதும், நான் பாத்து, பாத்து என்று சொல்வதற்கு முன்னாலேயே கால் தரையை அமுக்கிவிடுமாம், வாய் பிறகுதான் வருமாம்.

இதற்கு நடுவில் பல் டாக்டரம்மா பரீட்சையில் பாஸாகிவிட்டார். கற்றுக்கொடுத்தது வேறு ஆள், ஆனாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போக ஆபீஸுக்கு வந்தார். அன்றைக்கு எப்படி அவ்வளவு அழகாக வண்டியை ஓரம் கட்டினீர்கள் என்று கேட்டேன், இத்தனை நாள் கேட்காமல் இருந்ததே அதிகம். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "தப்பா நெனைக்காதீங்க சார், நான் பிரேக் போடணும்னு நெனைக்கிறதுக்குள்ள எப்பவும் வண்டி நின்னுடும். நான் நிறுத்துனேனா, நீங்க நிறுத்துனீங்களான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அன்னைக்கு நீங்க மயங்கிட்டீங்க, அப்பதான் முதல் தடவையா வண்டி என் கையில இருந்துச்சு" என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றார், பல் டாக்டர் இல்லையா.

அதற்கு அடுத்து வந்ததுதான் உன் ஞாயிற்றுக்கிழமை. நல்ல ஆபீஸ், நிரந்தர வேலை, ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு வேலை, அதை விட்டுவிட்டுச் சிநேகிதியோடு சேர்ந்து ரொட்டிக்கடை போடப் போகிறேன், மாசக் கடைசிக்குள் ஆபீஸில் சொல்லியாக வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். உன் ஃபோன் வந்ததுமே அம்மா ஓசைப்படாமல் ஒரு பழத்தைக் கவரில் சுற்றி என் வலது காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். மாவு பிசையவா கணக்குப் படித்தாய் என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. விடியுமுன் எழுந்திருக்க வேண்டுமே, சூட்டில் நிற்க வேண்டுமே, சிநேகிதி நடுவில் கழன்றுகொண்டால் என்ன ஆவது என்று பின்னாலேயே எல்லாம் வரிசை கட்டி நின்றன. உண்மையைச் சொன்னால் நீ பேசியதில் பாதி என் காதில் ஏறவில்லை, என் கவனம் முழுக்கக் காலில் இருந்தது. நீ பதில் கேட்டபோது, வாயைத் திறந்தால் காலும் அமுக்கிவிடும் என்று தெரிந்துதான் ஃபோனைக் கைமாற்றினேன். நீ அங்கே கோபம் என்று அழுதுகொண்டிருந்தபோது இங்கே நடந்தது அவ்வளவுதான். நீ வைத்த பிறகு நானும் அம்மாவும் குனிந்து கவரைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் கன்றியிருந்தது, மற்றபடி முழுசு. அம்மா உரித்தாள், ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல வேண்டிய உணர்ச்சியை அம்மாவிடம் சொல்லாமல் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், உன் விதிப்படியே, காரணமும் இல்லை, புத்திமதியும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அது என் பயம், அதை நான் முதல் இருக்கையில் உட்கார வைத்துப் பழக்கிக்கொள்கிறேன். கடை உன்னுடையது. உன் மனசுக்குச் சரி என்று பட்டால் மாசக் கடைசிவரை தள்ளிப் போடாமல் ஆபீஸில் சொல்லிவிடு, அப்பா என்ன நினைப்பாரோ என்று எனக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதே.

அடுத்த வாரம் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார் போலிருக்கிறது. மறுபடி பயிற்சி வண்டியில் ஏறுவேன், ஆபத்து என்றால் அமுக்கத்தான் போகிறேன், அதற்குத்தான் சம்பளம், ஆனால் கற்றுக்கொள்கிறவர்கள் கால் பிரேக்குக்குப் போவதற்கு இனி கொஞ்சம் இடம் விடுவேன். நீயும் உன் சிநேகிதியும் கைராசியோடு, நோய்நொடி இல்லாமல், நாலு பேர் தேடி வருகிற மாதிரி நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம். அடுப்படியில் நிற்கும்போது முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், மத்தியானம் கொஞ்ச நேரமாவது படுக்க வேண்டும் என்று எழுதச் சொன்னது அம்மா, அதை என் கணக்கில் சேர்க்காதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் செய். பழம் வாங்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா