அந்தச் சோதனையை ஏன் வைத்தார்கள்?

பெரியவன் அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். நான் சொல்ல, இங்கே வேலை பார்க்கும் பெண் எழுதுகிறாள்.

பெரியவன் பிறந்து, ஆற்றுப் பாலம் இடிந்த வருடம்தானே இந்த ஆபீசில் டீ கொடுக்கச் சேர்ந்தேன்? கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் திருட்டு வேலை நுழையாமல் தடுக்கும் சோதனைகளை அப்போது ஆறு பேர் எழுதினார்கள். அதில் ஒன்று வீண் என்று, இதை எழுதும் பெண் இப்போது அதை நீக்கப் பார்த்தாள். அவள் வேலையைச் சரிபார்க்கும் மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏன் வச்சாங்கன்னே தெரியாம எப்படிம்மா எடுப்பே? நாளைக்கு எவனாவது புகுந்தா?"

"தெரிஞ்சவங்க யாரு சார் இருக்கா? தாத்தாவைத்தான் கேக்கணும்!"

தாத்தா என்றால் நான்தான். உண்மையாகவே வந்து கேட்டுவிட்டார்கள். யார் சர்க்கரை இல்லாமல் குடித்தார், யார் மேசையிலேயே தூங்கினார், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சோதனையை ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. எடுக்கச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா? தலை சுற்றுகிறது. நீ காய்ச்சும் தைலம் கொஞ்சம் அனுப்பு.

ஆறு பேரும் போய்விட்டார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடிருப்பது நான் ஒருத்தன்தான்.