எல்லைமேல் நின்ற கோடு

மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு, எவரிடமும் பயிலாமல் கணினி நிரல் எழுதத் தானே கற்றுத் தேர்ந்த தங்கள் மகள் வணங்கி எழுதுவது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா?

இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் உலாவிக்குள், எவரும் விரும்பியதை வரைவதற்கான வெற்றுப் பலகை ஒன்றை அமைப்பதே என் பணி. அது சரிவந்தால்தான் வேலை நிரந்தரம். திரை முழுவதும் நுண்ணிய சதுரப் புள்ளிகளால் ஆனது; முதலில், ஒரு புள்ளி அகலத்தில் கறுப்புக் கோடு ஒன்றை வரையச் செய்தேன். அது இரு புள்ளி அகலத்தில் சாம்பல் நிறமாக வந்தது.

“என்னம்மா, கோடு போடச் சொன்னா புகை விட்டிருக்க?” என்றார் குழுத் தலைவர்.

பிழையைத் தேடிச் சலித்து, எல்லா உலாவிகளுக்கும் பொதுவான விதிநூலைப் பிரித்தேன். கோட்டின் இடத்தைச் சொல்ல நாம் கொடுக்கும் எண் புள்ளியின் நடுவை அன்று, இரு புள்ளிகளுக்கு இடையிலான எல்லையையே குறிக்கிறதாம். எல்லைமேல் நின்ற கோடு, தன் கருமையை இருபுறமும் பாதி பாதியாகப் பகிர்ந்திருக்கிறது. அந்த மங்கலே சரியான விடை.

“அரைப் புள்ளி தள்ளி வரைஞ்சு பாருங்க சார்” என்றேன். கோடு மையாய்க் கறுத்துக் கூர்மையாக நின்றது.

“நல்லவேளை, நீ அந்த மங்கலைப் பிழைன்னு திருத்தியிருந்தா, மத்த உலாவிகளோட ஒத்துப்போகாம எல்லாம் கெட்டிருக்கும். வேலை உனக்குத்தான்” என்றார்.

அத்தனை மெல்லிய எல்லைக்கும் யாரோ முன்பே நியாயம் வகுத்திருக்கிறார்களே என்று, வியப்பு நீங்காமல் திரையையே பார்த்திருந்தேன். அவர் போய்விட்டதால், அதைச் சொல்ல அருகில் எவருமில்லை.

இங்கு குளிர் அதிகமில்லை. ஆயினும் என் பழைய போர்வையை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்; துவைக்க வேண்டாம். விரைவில் பதில் எழுதுங்கள்.